உலைக்குத் தப்பிய இறக்கைகள்: பிரிட்டனின் பழைய போர் விமானங்களும் அவற்றின் ஆர்வலர்களும்

இரண்டாம் உலகப்போர் முடிந்த சில மாதங்களுக்குள் பிரிட்டிஷ் வான்படையின் விமானங்களில் பெரும்பகுதி, கருவூலத்துக்குச் சுமையாகிவிட்ட பழைய உலோகமாகக் கருதப்படத் தொடங்கியது. லான்காஸ்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் 7,377, வெலிங்டன் என்ற இரட்டை எஞ்சின் விமானங்கள் 11,461, ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானங்கள் 20,000-க்கும் மேல் என்று கட்டிக் குவித்த நாட்டிற்கு, அப்போது அலுமினியமே அவசரத் தேவையாக இருந்தது. குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கான ஆயத்த வீடுகளை, அதுவரை விமானம் செய்த தொழிற்சாலைகள் சிலவே அந்த உலோகத்தில் செய்து கொடுத்தன. காயலான் கடைக்கும் உருக்கும் உலைக்கும் போகாமல் தப்பிய விமானங்கள் மிகச் சில. இன்று பிரிட்டனின் அருங்காட்சியகங்களிலும் வான்காட்சிகளிலும் ஆர்வலர்கள் கூடிநின்று பார்க்கும் அந்தச் சிலவற்றின் வரலாற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பல தப்பியதற்குக் காரணம் போர்க்களப் புகழ் அன்று, போருக்குப் பின் அவற்றுக்கு வாய்த்த ஏதோவொரு சில்லறை வேலைதான் என்பது தெரியவரும். வானிலை அளந்தவை, விளம்பரம் எழுதியவை, கோழிக்கூடாக நின்றவை, வேறு நாட்டுக் கடற்படைக்குக் கடலைக் காத்தவை என அந்த வேலைகள் பலவகை. ஆனால் காப்பாற்றப்பட்டபின் அவற்றின்மீது பூசப்பட்ட வண்ணம் பெரும்பாலும் போர்க்கால வண்ணமே. உயிர் காத்த அந்தச் சில்லறை வேலையின் தடயம் முதலில் அழிக்கப்பட்டது.

முதல் உலகப்போரின் விமானங்களிலேயே இந்தப் போக்கு தொடங்கிவிட்டது. அந்தப் போரின் புகழ்பெற்ற சண்டை விமானங்களுள் ஒன்றான எஸ்.இ.5ஏ வகையில் சிலவற்றை ஜாக் சாவேஜ் என்ற முன்னாள் வான்படை அதிகாரி வாங்கி, புகையால் வானில் எழுத்துகளை வரையும் விளம்பரத் தொழிலுக்குப் பயன்படுத்தினார். 1922-இல் எப்ஸம் குதிரைப் பந்தயத்துக்குத் திரண்ட கூட்டத்தின் தலைக்குமேல் ஒரு நாளிதழின் பெயர் எழுதப்பட்டது இந்த முறையில்தான். அவற்றுள் ஒன்று பின்னர் ஒரு விமானத் தொழிற்சாலைக் கொட்டகையில் ஒதுங்கிக் கிடந்து, 1950களில் கண்டெடுக்கப்பட்டு, ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் புதுப்பிக்கப்பட்டு, பெட்ஃபோர்டுஷயரின் ஓல்டு வார்டன் கிராமத்திலுள்ள ஷட்டில்வொர்த் சேகரிப்பில் சேர்ந்தது. அந்தச் சேகரிப்பை உருவாக்கிய ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் 1930களில் 1909-ஆம் ஆண்டு பிளேரியோ போன்ற, அக்காலத்தில் எவரும் மதிக்காத பழைய விமானங்களை வாங்கிப் பழுதுபார்த்துப் பறக்கவிட்ட செல்வந்தர். 1940 ஆகஸ்டில் வான்படைப் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் அவர் இறந்துவிட, அவருடைய தாயார் 1944-இல் மகன் நினைவாக நிறுவிய அறக்கட்டளையே அந்தச் சேகரிப்பை இன்றுவரை காத்துவருகிறது. ரிச்சர்ட் நாஷ் என்ற மற்றொருவர் அதே காலத்தில் பழைய கார்களோடு விமானங்களையும் சேர்த்தார். அவை பின்னாளில் வான்படை அருங்காட்சியகத்துக்கு வந்தன. இவ்விருவரும் அரசு ஊழியர்கள் அல்லர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. வான்படை அமைச்சின் வரலாற்றுப் பிரிவும் சில மாதிரிகளை ஒதுக்கிவைத்தது. ஆனால் அவை பல பத்தாண்டுகள் ஒரு கிடங்கிலிருந்து மற்றொரு கிடங்குக்கு இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன.

தனிமனிதர் சிலரின் பித்தாக இருந்த இந்த நாட்டத்தைப் பொதுமக்களின் பழக்கமாக மாற்றியது இரண்டாம் உலகப்போர். தலைக்குமேல் பறப்பது எதிரியின் விமானமா, நம்முடையதா என்று நிழலுருவத்தைக் கொண்டே சொல்லத் தெரிந்திருப்பது அப்போது குடிமக்களின் கடமையாயிற்று. பள்ளிச் சிறுவர்கள் முதல் கண்காணிப்புப் படைத் தொண்டர்கள் வரை அதற்கெனக் கழகங்கள் அமைத்துத் தேர்வு எழுதினர். 1941-இல் அவர்களுக்கென்றே ஓர் இதழும் தொடங்கியது. போர் முடிந்தபின் அந்தச் சிறுவர்கள் விமானதளங்களின் வேலியோரம் குறிப்பேடும் பென்சிலுமாக நின்று தொடர் எண்களை எழுதிக்கொள்ளலாயினர். தொடர் எண் என்பது ஒவ்வொரு விமானத்துக்கும் அது கட்டப்படும்போதே வழங்கப்படும், எழுத்தும் இலக்கமும் சேர்ந்த அடையாளம். போர்க்காலத்தில் எத்தனை விமானங்கள் கட்டப்படுகின்றன என்பதை எதிரி கணக்கிட்டுவிடாதபடி, இந்த வரிசையில் வேண்டுமென்றே இடைவெளிகள் விடப்பட்டன. வெளியார் கண்ணுக்கு வெற்றுப் பொழுதுபோக்காகத் தோன்றக்கூடிய இந்த எண் சேகரிப்பு, ஒரு குறிப்பிட்ட விமானம் எந்தத் தொழிற்சாலையில் பிறந்து, எந்தப் படைப்பிரிவில் பறந்து, எந்த ஊர்க் கிடங்கில் போய் முடிந்தது என்பதைத் தொடர்ந்து பதிவு செய்தது. 1961 முதல் வெளிவரும் 'ரெக்ஸ் அண்ட் ரெலிக்ஸ்' என்ற நூல்வரிசை, நாடெங்கும் எஞ்சியுள்ள பழைய விமானங்களையும் சிதைவுகளையும் ஊர் வாரியாகப் பட்டியலிட்டது. எது எங்கே துருப்பிடித்துக் கிடக்கிறது என்பது முதலில் தெரிந்தால்தானே அதை மீட்க முடியும்?

அக்காலத்தில் விமானத்தைக் காக்க வான்படையே செய்த முக்கியக் காரியம், அறியாமல் செய்த காரியம் என்றுதான் சொல்லவேண்டும். விமானதளங்களின் நுழைவாயிலில் ஓய்வுபெற்ற விமானம் ஒன்றைப் பீடத்தில் நிறுத்திவைக்கும் வழக்கம் போருக்குப் பின் பரவியது. இவை வாயிற்காவலர் என்றே அழைக்கப்பட்டன. மழையிலும் பனியிலும் நின்று உள்ளுக்குள் அரித்துப்போனாலும், வாயிலில் நின்ற விமானத்தை உலைக்கு அனுப்ப எந்தத் தளபதிக்கும் மனம் வரவில்லை. 137 தாக்குதல்களில் பங்கேற்றுத் திரும்பிய ஆர்5868 என்ற லான்காஸ்டர், ஸ்காம்ப்டன் தளத்தின் வாயிலில் இப்படி நின்றதால்தான் 1972-இல் லண்டனின் ஹெண்டனில் திறக்கப்பட்ட வான்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தது. இது போரிலும் பெயர்பெற்று, பின்னரும் பிழைத்த அரிய விதிவிலக்கு. விதிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் எல்வி907 என்ற ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தைச் சொல்லலாம். '13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை' என்று அதன் விமானிகள் கேலியாகப் பெயரிட்ட அந்த விமானம் 128 தாக்குதல்களில் பறந்தது. 1945-இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. காட்சி முடிந்ததும் உடைத்து நொறுக்கப்பட்டது.

இதற்கு மாறான கதை மொஸ்கிட்டோ விமானத்தின் முதல் மாதிரியுடையது. ஹெர்ட்ஃபோர்டுஷயரின் சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையில் 1939 அக்டோபர் முதல் ரகசியமாக வரையப்பட்டு, தானியக் கொட்டகைபோல் வேடமிட்ட கூடத்தில் கட்டப்பட்டு, 1940 நவம்பர் 25-இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானம் மரத்தால் ஆனது. பிர்ச் ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே எடைகுறைந்த பால்சா மரத்தை வைத்து ஒட்டிய உடலே அதன் வேகத்தின் ரகசியம். உலோகம் இல்லாததால் அதை உருக்கி விற்பதற்கும் இல்லை. எரித்துவிடும்படி ஆணை வந்தது. டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ஊழியர் பில் பேர்டு அதை ஒரு கொட்டகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஒளித்துவைத்தார். 1955-இல் மாளிகையை வாங்கிய வால்டர் கோல்ட்ஸ்மித் என்ற ஓய்வுபெற்ற மேஜர், தம் வீட்டில் நடந்தது என்னவென்று அறிந்து நிறுவனத்தை அணுகவே, விமானம் பிறந்த இடத்துக்கே திரும்பி 1959-இல் மக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டது. பிரிட்டனின் மிகப் பழைய விமான அருங்காட்சியகம் என்ற பெயர் இன்று அந்த இடத்துக்கே உரியது. ஓர் ஊழியரின் கீழ்ப்படியாமையும், ஒரு வீட்டுக்காரரின் ஆர்வமும் சேர்ந்து அமைத்த அருங்காட்சியகம் அது.

பறக்கும் நிலையில் விமானங்களைக் காக்கும் முயற்சி 1957 ஜூலையில் லண்டனுக்கருகே பிகின் ஹில் தளத்தில் தொடங்கியது. விங் கமாண்டர் பீட்டர் தாம்ஸன் என்ற தளபதியின் முயற்சியால் ஹரிக்கேன் என்ற சண்டை விமானம் ஒன்றும் மூன்று ஸ்பிட்ஃபயர்களும் ஒன்றுசேர்க்கப்பட்டன. பிரிட்டன் போர் நினைவுப் பறப்பணி என்று பின்னர் பெயர்பெற்ற குழுவின் தொடக்கம் இதுவே. பிரிட்டன் போர் என்பது 1940 கோடையில் ஜெர்மானிய வான்படையின் தாக்குதலைப் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் தடுத்து நிறுத்திய நிகழ்வு. ஆனால் அந்த மூன்று ஸ்பிட்ஃபயர்களும் அந்தப் போரில் பறந்தவை அல்ல. அதுவரை வானிலைத் துறைக்காக நாள்தோறும் உயரே ஏறி வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்துவந்தவை. வானிலைப் பணி இல்லாவிட்டால் 1957-இல் இயங்கும் நிலையில் ஸ்பிட்ஃபயர் கிடைப்பதே அரிதாக இருந்திருக்கும். தொடக்க ஆண்டுகளில் இந்தப் பணிக்குப் பணமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. 1959 செப்டம்பரில் ஆண்டுநினைவுப் பறப்பின்போது ஒரு ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் நின்றுபோக, விமானி அதை லண்டன் புறநகரான புரோம்லியில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் இறக்கினார். ஆட்டக்காரர்கள் அந்நேரம் தேநீர் இடைவேளைக்குப் போயிருந்ததால் எவருக்கும் தீங்கில்லை. பழைய ஒற்றை எஞ்சின் விமானங்கள் நினைவுநாளில் லண்டன் நகரின்மேல் பறப்பது அத்துடன் நிறுத்தப்பட்டது.

பணமும் நம்பிக்கையும் இல்லாத அந்த நிலையை மாற்றியது ஒரு திரைப்படம் என்பதை அருங்காட்சியக அறிஞர்கள் சற்றுத் தயக்கத்தோடுதான் ஒப்புக்கொள்வர். 1969-இல் வெளிவந்த 'பாட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்துக்காக, ஹமீஷ் மஹாடி என்ற ஓய்வுபெற்ற வான்படை அதிகாரி வாயில்கள், கிடங்குகள், பயிற்சிப் பள்ளிகள், அயல்நாட்டுப் படைகள் என எங்கெல்லாமோ தேடி ஏறத்தாழ நூறு விமானங்களைத் திரட்டினார். 27 ஸ்பிட்ஃபயர்கள் கிடைத்தன. அவற்றுள் 12 பறக்கவைக்கப்பட்டன. எதிரி விமானங்களாக நடித்தவை ஸ்பெயின் வான்படை அப்போதுதான் கழித்த, ஜெர்மானிய வடிவில் கட்டப்பட்டு பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சின் பூட்டிய விமானங்கள். போரில் எதிரெதிர் நின்ற இரு தரப்பும் படத்தில் ஒரே எஞ்சினின் உறுமலோடு மோதின என்பது பார்வையாளர் பலர் கவனியாத வேடிக்கை. 1948-இல் பழைய உலோக வியாபாரிக்கு விற்கப்பட்டு, அந்த வியாபாரியே அதன் வயதை உணர்ந்து திருப்பித் தந்த பி7350 என்ற ஸ்பிட்ஃபயர் மறுபடி பறந்தது இந்தப் படத்துக்காகவே. 1940 போரில் உண்மையாகவே பறந்து, இன்றும் பறக்கும் ஸ்பிட்ஃபயர் அது. படப்பிடிப்பு நடந்த டக்ஸ்ஃபோர்டு தளத்தில் ஒரு பழைய கொட்டகை காட்சிக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய தளத்தை 1970களில் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் தன்னார்வத் தொண்டர்களும் ஏற்று நடத்தலாயினர்.

பழைய பேரரசின் எல்லைகளும் அருங்காட்சியகங்களுக்குக் கிடங்குகளாயின. பிரிட்டன் கான்பூரில் கைவிட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பழுதுபார்த்து 1968 வரை பறக்கவிட்ட இந்திய வான்படை, அவற்றுள் ஒன்றை 1974-இல் பிரிட்டிஷ் வான்படை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அங்குள்ள டெம்பஸ்ட் சண்டை விமானம் ஒன்றும் இந்தியப் படையில் பணியாற்றி மீண்டதே. தமிழகத்தோடும் மெல்லிய ஓர் இழை உண்டு. போர்நிதி திரட்டித் தந்த குடியேற்றங்களின் பெயரைப் படைப்பிரிவுகளுக்குச் சூட்டும் வழக்கப்படி, 79, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கு மதராஸ் மாகாணம் என்ற அடைமொழி வழங்கப்பட்டது. 264-ஆம் ஸ்குவாட்ரன், டிஃபையன்ட் என்ற விமானத்தை முதலில் பெற்ற பிரிவு. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகளை வைத்துவிட்டு, முன்னோக்கிச் சுட ஒன்றுகூட வைக்காத விசித்திர வடிவமைப்பு அது. எதிரி அதைக் கண்டுகொண்டதும் பகல் சண்டையிலிருந்து விலக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டவற்றுள் முழுமையாக மிஞ்சியது ஒன்றே, அதுவும் மதராஸ் பெயர் தாங்கிய பிரிவினுடையது அன்று, போலந்து நாட்டவரின் பிரிவினுடையது.

1970களில் ஆர்வலர்களின் கவனம் நீருக்கடியிலும் மண்ணுக்கடியிலும் சென்றது. 1942 ஏப்ரலில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று அடிபட்டு, நார்வேயின் உறைந்த ஹொக்லிங்கன் ஏரிமீது இறங்கிய ஹாலிஃபாக்ஸ் விமானம், பின்னர் ஏரியில் மூழ்கிப்போயிற்று. அதன் குழுவினருள் பெரும்பாலோர் ஸ்வீடனுக்கு நடந்தே தப்பினர். 1973-இல் அது தூக்கியெடுக்கப்பட்டு, ஏரி அதை வைத்திருந்த நிலையிலேயே, வளைந்த தகடுகளும் அரித்த சட்டங்களுமாக ஹெண்டனில் நிறுத்தப்பட்டது. புதுப்பிக்காமல் விட்டது குறையென்று அக்கால ஆர்வலர்களில் பலர் வாதிட்டனர். இன்று எண்ணிப் பார்க்கையில், அந்தக் கூடத்திலேயே தன் கதையை மறைக்காமல் சொல்லும் விமானம் அதுதான் என்று தோன்றுகிறது. ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 1940 கடைசி நாளில் மூழ்கிய வெலிங்டன் ஒன்றை 1976-இல் கண்டுபிடித்தவர்கள் அந்த ஏரியின் பூதத்தைத் தேடிவந்த அமெரிக்கர்கள். ஒலியலைக் கருவியில் தெரிந்த உருவம் பூதமன்று, விமானம். 1985-இல் எடுக்கப்பட்டு, அது கட்டப்பட்ட புரூக்லண்ட்ஸுக்கே வந்த அந்த விமானத்தில், பொறியாளர் பார்னஸ் வாலிஸ் வகுத்த, கூடை முடைந்தாற்போல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய உலோகச் சட்டகம் துணிப்போர்வை நீங்கிய நிலையில் தெளிவாகத் தெரிகிறது. பதினோராயிரத்துச் சொச்சம் வெலிங்டன்களில் முழு உருவில் எஞ்சிய இரண்டில் இது ஒன்று.

மீட்பு என்பது சில சமயம் ஒட்டுவேலையாகவும் ஆனது. யார்க்ஷயரின் எல்விங்டன் அருங்காட்சியகத்தில் 1996-இல் நிறைவுற்ற ஹாலிஃபாக்ஸுக்கு, லூயிஸ் தீவில் குடியானவர் ஒருவர் கோழிக்கூடாகப் பயன்படுத்திவந்த உடற்பகுதி அடிப்படையாயிற்று; இறக்கைகள் ஹேஸ்டிங்ஸ் என்ற போருக்குப் பிந்தைய சரக்கு விமானத்திலிருந்து வந்தன; பெயரோ உலைக்குப் போன அந்த '13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை'. கென்ட் மாவட்ட வயல்களைத் தோண்டியவர்களோ எஞ்சினோடு சில இடங்களில் விமானியின் எச்சங்களையும் கண்டனர். போர் மரபுத் தேட்டத்துக்கும் கல்லறைத் தோண்டலுக்கும் இடையிலுள்ள கோடு அங்கே மங்கியதால், 1986-இல் இயற்றப்பட்ட சட்டம், விழுந்த போர் விமானங்கள் அனைத்தையும் பாதுகாக்கப்பட்ட இடங்களாக்கி, பாதுகாப்பு அமைச்சின் உரிமம் இல்லாமல் தோண்டுவதைக் குற்றமாக்கியது. இந்தச் சட்டம் காலம் கடந்து வந்தது, ஆனாலும் வந்தது.

இவற்றோடு ஒப்பிட்டால், பறக்கும் விமானங்களின் சிக்கல் வேறு வகையானது. 1973 முதல் நினைவுப் பறப்பணியில் உள்ள பிஏ474 என்ற லான்காஸ்டர் 1945-இல் கட்டப்பட்டாலும் எந்தத் தாக்குதலுக்கும் போகவில்லை. ஆப்பிரிக்காவை வானிலிருந்து படமெடுத்துவிட்டு, பின்னர் கிரான்ஃபீல்டு கல்லூரியில், முதுகின்மேல் செங்குத்தாக நட்ட சோதனை இறக்கைத் துண்டுகளைச் சுமந்து பறந்தது. இன்று அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு வேறு போர் வீர விமானங்களின் எண்ணையும் சின்னத்தையும் அணிந்துகொள்கிறது. ஆப்பிரிக்க வரைபடப் பணிக்கு அதன் உடலில் இடமில்லை. கிழக்கு கிர்க்பியில் பண்ணை நடத்திய பான்டன் சகோதரர்கள், 1944-இல் நியூரம்பெர்க் தாக்குதலில் இறந்த தம் அண்ணன் நினைவாக 1983-இல் வாங்கிய லான்காஸ்டரும் இப்படித்தான்: பிரெஞ்சுக் கடற்படைக்காகப் பசிபிக்கின் நியூ கலிடோனியாவில் கடற்காவல் புரிந்த விமானம் அது. பழுதுபார்க்குந்தோறும் பழைய உலோகம் குறைந்துகொண்டே போவதும் இத்துறையின் இயல்பு. டக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த, 1940 மே மாதம் பிரெஞ்சுக் கடற்கரை மணலில் இறங்கிய என்3200 என்ற ஸ்பிட்ஃபயர், 1986-இல் தோண்டியெடுக்கப்பட்டு, 2014-இல் மறுபடி பறந்து, இப்போது டக்ஸ்ஃபோர்டிலேயே உள்ளது. அதன் தகடுகளில் மிகப் பெரும்பகுதி புதியவை. அடையாளம் உலோகத்தில் இல்லை, எண்ணில் இருக்கிறது என்று இத்துறையினர் ஏற்றுக்கொண்டுவிட்டனர். வேலியோரத்துச் சிறுவர்களின் குறிப்பேடு அங்கே வென்றது.

பணமும் அனுமதியும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை வல்கன் காட்டியது. முக்கோண இறக்கையும், இடிபோன்ற ஓலமும் கொண்ட இந்த அணுகுண்டு விமான வகையைச் சேர்ந்த எக்ஸ்ஹெச்558, 1960-இல் பணியில் சேர்ந்து 1993-இல் வான்படையால் விற்கப்பட்டது. ராபர்ட் பிளெமிங் தலைமையிலான அறக்கட்டளை, 2004-இல் லாட்டரி மரபு நிதியிலிருந்து 27 லட்சம் பவுண்டு மானியம் பெற்று, செல்வந்தர் ஜாக் ஹேவார்டின் ஐந்து லட்சத்தோடும் பொதுமக்களின் சிறு நன்கொடைகளோடும் 2007 அக்டோபர் 18-இல் அதை மீண்டும் பறக்கவிட்டது. எட்டு ஆண்டுகள் பறந்தபின் அதை நிறுத்தியது பணமில்லாமை மட்டுமன்று. விமானம் பாதுகாப்பாகப் பறக்கத் தகுதியானது என்று கையொப்பமிடும் பொறுப்பை ஏற்றிருந்த நிறுவனங்கள், அந்தப் பழைய வடிவமைப்பை அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனதால் தம் ஆதரவை விலக்கிக்கொண்டன. 2015 அக்டோபர் 28-இல் அது கடைசியாகப் பறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஷோரம் வான்காட்சியில் பழைய ஹன்டர் ஜெட் ஒன்று சாலையில் விழுந்து பதினொருவர் இறந்தபின், பழைய ஜெட் விமானங்களின் சாகசப் பறப்புக்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. ரசிகர்களின் வருத்தம் நியாயமானதே. சாலையில் போனவர்களின் உரிமை அதைவிட நியாயமானது.

ஸ்டிர்லிங் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் 2,300-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. முழுமையாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. வானிலை அளக்கவோ கோழி வளர்க்கவோ எவரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது தன்னார்வக் குழு ஒன்று பழைய வரைபடங்களைக் கொண்டும், விழுந்த இடங்களில் கிடைத்த துண்டுகளைக் கொண்டும் அதன் முன்பகுதியைத் தகடு தகடாகப் புதிதாகவே செய்துவருகிறது.